ஸ்டெல்த் ரூல்ஸ்: 2014, 2024, அதுக்கு மேல நாங்க போட்ட ஹவுஸ் ரூல்ஸ்

முதல்லயே சொல்லிடறேன், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற, டைஸ் உருட்டி கதை ஆடற டேபிள் கேம்ல 2024 ரூல் புக்குல வந்த ஒளிஞ்சுக்கிற ரூல் (ஸ்டெல்த்), சண்டைக்குள்ள வச்சு பாத்தா 2014 புக்குல இருந்ததை விட நல்லா இருக்கு, சண்டைக்கு வெளிய வச்சு பாத்தா அதை விட மோசம். ரெண்டையுமே டிஎம்மா, அதாவது கதையை நடத்தற ஆளா, உக்காந்து நிறைய ஓட்டி பாத்தாச்சு, ரெண்டு மேலயும் எங்க டேபிள்ல ஹவுஸ் ரூல் (நாங்களே சேத்துக்கிட்ட ரூல்) போட்டுத்தான் ஆடுறோம், அதனால இது புக்குல இருக்கற ரூலுக்கு மட்டும் ரிவ்யூ இல்ல, அந்த ஹவுஸ் ரூல்ஸுக்கும் சேத்துதான். எதை எடுத்துக்கலாம், எதை தூக்கி போடலாம்னு யோசிக்கிற டிஎம்களுக்கு இது உதவும்.

2014ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா இன்னும் நிறைய பேர் அதைத்தான் ஆடுறாங்க. அதுல பெரிய தலைவலி ரூல் தப்பா இருக்கறது இல்ல, சிதறி கிடக்கறது. ஒளியறது பத்தி 7ஆவது அத்தியாயத்துல ஒரு கட்டம் போட்டு எழுதியிருக்கும், வெளிச்சம் இருட்டு பத்தி 8ஆவதுல, எதிரியை திடீர்னு தாக்கறதும் கண்ணுக்கு தெரியாம நின்னு அடிக்கறதும் 9ஆவதுல. ஒரு ரோக், அதாவது பதுங்கி போற திருட்டு கேரக்டர், தூணுக்கு பின்னாடி ஒளியறேன்னு சொன்ன உடனே மூணு இடத்துல விரலை வச்சுக்கிட்டு பக்கம் புரட்டணும், அதுக்குள்ள டேபிள்ல இருந்த டென்ஷன் எல்லாம் வடிஞ்சு போயிடும். அதை விட்டுட்டு பாத்தா அடிப்படை ஐடியா ரொம்ப நல்ல ஐடியா: நீ ஸ்டெல்த் உருட்டு (20 பக்க டைஸ் கூட உன்னோட போனஸ்), அந்த நம்பர் எதிரியோட பாஸிவ் பர்செப்ஷனை, அதாவது தேடாம சும்மா இருக்கறப்பவே கவனிக்கற திறனை, தாண்டினா அவன் உன்னை கவனிக்கல. பாஸிவ்ங்கறது 10 கூட அவனோட பர்செப்ஷன் போனஸ், அவ்வளவுதான், அவன் தனியா டைஸ் உருட்ட வேண்டாம். எப்ப ஒளியலாம் எப்ப ஒளிய முடியாதுங்கறதை டிஎம் முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டாங்க. அனுபவம் இருக்கற டிஎம்முக்கு இது வரம், புதுசா டிஎம் பண்றவங்களுக்கு இது பாவம், ஒவ்வொரு ரவுண்டும் ரோக் ப்ளேயர்கூட வாதாடியே நேரம் போயிடும்.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா பிரச்சனையோட வேர் இங்கதான் இருக்கு. சாதாரண காவல்காரனுக்கு 2014 மான்ஸ்டர் மேனுவல் (எதிரிகளோட விவரம் இருக்கற புக்) படி பாஸிவ் பர்செப்ஷன் 12. அஞ்சாவது லெவல் பார்ட்டி (ப்ளேயர்ஸோட கேரக்டர் கூட்டம்) ஒண்ணு எடுத்துக்கோங்க, ரோக்குக்கு ஸ்டெல்த்ல பிளஸ் 10, விசார்டுக்கு (மந்திரவாதி) பிளஸ் 2, கிளெரிக்குக்கு (பூசாரி) பிளஸ் 1, பாலடினுக்கு (கவச வீரர்) பிளஸ் எதுவும் இல்ல, அதுக்கும் மேல செயின் மெயில் (சங்கிலி கவசம்) போட்டிருக்கறதால டிஸ்அட்வான்டேஜ், அதாவது ரெண்டு தடவை உருட்டி சின்ன நம்பரை எடுக்கணும். 12 எடுத்தா தப்பிச்சாச்சுன்னு வச்சுக்கிட்டா ரோக் 95 சதவீதம், விசார்டு 55, கிளெரிக் 50, பாலடின் வெறும் 20. நாலு பேரும் பாஸ் ஆனாத்தான் பார்ட்டி தப்பிக்கும்னு டிஎம் சொன்னா, நாலையும் பெருக்கி பாருங்க, சுமார் 5 சதவீதம்தான் வரும், தப்பிச்சா அதிர்ஷ்டம். இதுதான் பல டேபிள்ல நடக்குது. யாரும் கணக்கு போட்டு பாக்கறது இல்ல, "எல்லாரும் ஸ்டெல்த் உருட்டுங்க"ன்னு டிஎம் சொல்றாரு, யாரோ ஒருத்தர் 4 எடுக்கறாரு, இனிஷியேட்டிவ் (சண்டையில யார் முதல்லங்கற வரிசை) உருட்டுங்கன்னு அடுத்த வார்த்தை வருது. ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா பாலடின் ப்ளேயர் தானா சொல்ல ஆரம்பிச்சிடுவாரு, "மச்சி நான் வெளியவே நிக்கறேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு. நாலு மணி நேரம் ஆட வந்தவர் ஒரு மணி நேரம் போனை பாத்துட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு இதை விட வருத்தமான விஷயம் இந்த கேம்ல வேற இல்ல.

வேடிக்கை என்னன்னா இதுக்கு மருந்து அதே புக்குலயே இருக்கு. 7ஆவது அத்தியாயத்துல க்ரூப் செக்னு ஒண்ணு, எல்லாரும் உருட்டணும், பாதி பேர் பாஸ் ஆனா மொத்த க்ரூப்பும் பாஸ். அதே நாலு பேரை இதுல போட்டா 5 சதவீதம் கிட்டத்தட்ட 80 சதவீதமா மாறுது. ஒரு டைஸ் கூட மாத்தல, ஒரு போனஸ் கூட ஏத்தல. அதனால ஹவுஸ் ரூல் போடணும்னு நினைக்கிற யாரா இருந்தாலும் முதல்ல இதை ஓட்டி பாருங்க, பாதி பேருக்கு வேற ஹவுஸ் ரூலே தேவைப்படாது.

அதே மாதிரி எல்லாரும் மறக்கற இன்னொண்ணு டார்க்விஷன். அது இருக்கறவன் முழு இருட்டுல பகல் மாதிரி பாப்பான்னு ரொம்ப பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, இல்ல, முழு இருட்டு அவனுக்கு மங்கல் வெளிச்சமா தெரியும், மங்கல் வெளிச்சத்துல கண்ணால பாத்து கண்டுபிடிக்கறதுக்கு டிஸ்அட்வான்டேஜ், அப்படின்னா பாஸிவ்ல 5 குறையும். 12 வச்சிருக்கறவன் 7க்கு இறங்கிடறான். பந்தம் கொளுத்தாம இருட்டுல காவல் நிக்கிற ஆர்க் படைக்கு இது பொருந்தும். இதை சரியா ஓட்டினாலே ஸ்டெல்த் ரொம்ப கஷ்டமா இருக்குங்கற புகார்ல ஒரு பகுதி காணாம போயிடும், ஆனா பந்தம் வச்சிருக்கறவன் பக்கத்துல 20 அடிக்கு பளிச்னு வெளிச்சம், அதுக்கு அப்புறம் இன்னொரு 20 அடிக்கு மங்கல், அதையும் அதே நேர்மையோட ஓட்டணும்.

சரி 2024. இதுல ஒளியறதுக்கு தெளிவா நிபந்தனை வச்சிட்டாங்க: நல்லா மறைவான இடத்துல இருக்கணும், இல்லன்னா முக்கால்வாசியாவது முழுசாவது கவர் (உடம்பை மறைக்கற தடுப்பு) இருக்கணும், எந்த எதிரியோட பார்வைக் கோட்டுலயும் இருக்க கூடாது, அப்புறம் ஸ்டெல்த் உருட்டி 15 எடுக்கணும். எடுத்துட்டா இன்விசிபிள்ங்கற கண்டிஷன் (கண்ணுக்கு தெரியாத நிலை) வரும், நீ எடுத்த நம்பர்தான் உன்னை தேடறவன் பர்செப்ஷன்ல எடுக்க வேண்டிய நம்பர். முணுமுணுப்பை விட பெரிய சத்தம் போட்டா, எதிரி கண்டுபிடிச்சா, அட்டாக் பண்ணா, வாயால சொல்ற மந்திரம் போட்டா கண்டிஷன் போயிடும். சண்டை நடுவுல இது அருமையா ஓடுது, வாதமே இல்ல, ரோக் ப்ளேயர் மேப்பை பாத்து தானே முடிவு பண்ணிக்கிறாரு, 15 எடுத்தாரா எடுத்தார், அடுத்த ஆள். திடீர் தாக்குதலையும் மாத்திட்டாங்க, முன்னாடி சர்ப்ரைஸ் ஆனவன் முதல் டர்ன்ல கையை காலை அசைக்க முடியாது, இப்ப இனிஷியேட்டிவ்ல டிஸ்அட்வான்டேஜ் மட்டும். ப்ளேயர்ஸ் பதுங்கி தாக்குறப்ப பழைய ரூல் இனிக்கும், அதே மாதிரி எட்டு காப்ளின் அவங்களை பதுங்கி தாக்குறப்ப பழைய ரூல்ல ஒரு கேரக்டர் எதுவும் பண்ணாமலே விழுந்துடும், அதனால இந்த மாற்றத்தை நான் முழு மனசோட வரவேற்கறேன்.

ஆனா சண்டைக்கு வெளிய வாங்க. பாதி தூக்கத்துல இருக்கற காவல்காரன்கிட்ட இருந்து ஒளியறதுக்கும் 15, கழுகு கண் இருக்கறவன்கிட்ட இருந்து ஒளியறதுக்கும் 15. நம்ம பாலடினுக்கு 12க்கே 20 சதவீதம்தான், 15க்கு 9 சதவீதம். இன்னொரு பக்கம், கண்டிஷன் முடியற லிஸ்ட்டை திரும்ப படிச்சு பாருங்க, மறைவுல இருந்து வெளிய வந்து காவல்காரன் மூஞ்சிக்கு நேரா நடந்தா முடிஞ்சிடும்னு அதுல நேரடியா எழுதல. எதிரி கண்டுபிடிச்சாங்கற வரியிலயே அதுவும் அடங்கும்னு நான் எடுத்துக்கறேன், எந்த நல்ல டிஎம்மும் அப்படித்தான் எடுத்துக்குவாங்க, ஆனா இல்ல எழுதின படிதான் ஆடணும்னு ஒரு ப்ளேயர் பிடிவாதமா நின்னா அவர் கையில புக்கு இருக்கு. மந்திரத்தால மறையறதுக்கும் திரைக்கு பின்னாடி பதுங்கறதுக்கும் ஒரே கண்டிஷனை குடுத்ததால, கண்ணுக்கு தெரியாததை பாக்கற மந்திரம் போட்டவன் பதுங்கினவனையும் பாப்பானாங்கற கேள்வி வேற வந்து நிக்குது. எங்க டேபிள்ல ஒரே வரில முடிச்சுட்டோம்: கண்ணு போற பாதையில எந்த மறைப்பும் இல்லாம நின்னா ஒளிஞ்சது முடிஞ்சது, மந்திரத்தால மறைஞ்சிருந்தா மட்டும் விலக்கு. 2024 ஆடுறவங்க இந்த ஒரு வரியை கேரக்டர் ஷீட் பின்னாடி எழுதி வச்சுக்கோங்க.

பழைய கதையையும் ஒரு வரி சொல்லணும், ஏன்னா அந்த காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு. 1978 அட்வான்ஸ்ட் எடிஷன்ல முதல் லெவல் தீஃபுக்கு சத்தமில்லாம நடக்க 15 சதவீதம், நிழல்ல ஒளிய 10 சதவீதம். ரெண்டும் வேணும்னு டிஎம் கேட்டா நூத்துக்கு ஒண்ணரை. 2000ல வந்த மூணாவது எடிஷன்லயும் ஒளியறது தனி ஸ்கில், சத்தமில்லாம போறது தனி ஸ்கில், பாக்கறது கேக்கறதுன்னு எதிரிக்கும் ரெண்டு, 2008ல நாலாவது எடிஷன்லதான் ரெண்டையும் சேத்து ஸ்டெல்த், பர்செப்ஷன்னு ஆக்கினாங்க. அது சரியான முடிவு, அதுக்கு பின்னாடி போக வேண்டாம்.

இப்ப ஹவுஸ் ரூல்ஸ். எங்க டேபிள்ல நிலைச்சு நின்னதுல முதல் இடம் லேட்டா உருட்டற ரூலுக்கு. ஒளிய ஆரம்பிக்கறப்ப டைஸ் தொட கூடாது, மாட்டிக்கற மாதிரி ஒரு கணம் வரும்ல, காவல்காரன் திரும்பறான், நாய் மூக்கை தூக்குது, கதவு திறக்குது, அந்த கணத்துலதான் உருட்டணும். இதனால ரெண்டு நல்லது. ஆரம்பத்துலயே உருட்டினா 3 விழுந்தது எல்லாருக்கும் தெரியும், கேரக்டருக்கு தெரியாதுன்னு சொன்னாலும் ப்ளேயர் மனசு கேக்காது, "சரி நான் போகல, வேற வழி பாப்போம்"னு பின்வாங்குவாரு. பாத்ஃபைண்டர்ங்கற இதே மாதிரி கேமோட ரெண்டாவது எடிஷன்ல இதுக்கு டிஎம் ரகசியமா உருட்டற முறை வச்சிருக்காங்க, அதையும் ஆடி பாத்தோம், நியாயமான வழிதான், ஆனா தன்னோட உயிர் தொங்கறப்ப தன் கையால டைஸ் உருட்டறதுல ஒரு சுகம் இருக்கு, அதை ப்ளேயர்கிட்ட இருந்து பிடுங்க எனக்கு மனசு வரல. லேட்டா உருட்டினா ரகசியமே தேவையில்ல, நம்பர் விழுந்த நொடியிலயே அது கதையிலயும் நடந்துடும்.

இதோட ஒட்டின இன்னொண்ணு, ஒரு தடவை உருட்டினா அந்த இடம் முழுக்க அதே நம்பர்தான். பர்னிங் வீல்ங்கற கேம்ல இதை அடிப்படை விதியாவே வச்சிருக்காங்க. ஏன் அவசியம்னா, 80 சதவீதம் பாஸ் ஆகற நல்ல ரோக்கை அஞ்சு ரூமுக்கு அஞ்சு தடவை உருட்ட சொன்னா கடைசி வரைக்கும் மாட்டாம போறதுக்கு 33 சதவீதம்தான். டிஎம் கெட்டது நினைக்காம, ஒவ்வொரு ரூமுக்கும் சும்மா கேட்டுக்கிட்டே போனாலே ரோக்கை தோக்கடிச்சிடலாம். நிலைமை நிஜமாவே மாறினா, காவல் மாறுது, விடிஞ்சிடுச்சு, ஓட வேண்டி வருது, அப்ப மட்டும் புதுசா உருட்டட்டும்.

மூணாவது, எனக்கு ரொம்ப பிடிச்சது, உஷார் வட்டம். பிளேட்ஸ் இன் தி டார்க்ங்கற கேம்ல வர்ற க்ளாக்தான் இதுக்கு மூலம், ஒரு வட்டத்தை ஆறு துண்டா வரைஞ்சு டேபிள் நடுவுல எல்லாரும் பாக்கற மாதிரி வைக்கிறோம். க்ரூப் செக்ல யார் யார் ஃபெயில் ஆனாங்களோ ஆளுக்கு ஒரு துண்டு நிரப்பணும், க்ரூப் மொத்தமா பாஸ் ஆனாலும் சரி. க்ரூப்பே ஃபெயில்னா அதுக்கு மேல இன்னும் ரெண்டு. ரெண்டு துண்டு நிரம்பினா சந்தேகம், நாலு நிரம்பினா தேடல், ஆறும் நிரம்பினா மணி அடிச்சாச்சு.

இது டேபிள்ல எப்படி ஓடுதுன்னு ஒரு இடத்தை சொல்றேன். கிடங்கு வாசல், ரெண்டு காவல்காரங்க, ஒருத்தன் கையில பந்தம். பார்ட்டி சுவரோரமா போறப்ப ஒருத்தன் திரும்பறான், உருட்டுங்கன்னேன். ரோக் 22, கிளெரிக் 13, விசார்டு 9, பாலடின் 4. பழைய பழக்கத்துல இது உடனே சண்டை. இங்க நாலுல ரெண்டு பாஸ், க்ரூப் தப்பிச்சாச்சு, ஆனா ரெண்டு துண்டு நிரம்பிடுச்சு, அதனால காவல்காரன் "யார்ரா அது?"ன்னு பந்தத்தை தூக்கி பிடிச்சு நாலு அடி முன்னாடி வரான். இப்ப ப்ளேயர்ஸ் கைக்கு ஒரு கணம் கிடைக்குது. விசார்டு ப்ளேயர் மைனர் இல்யூஷன் போட்டு எதிர் மூலையில பூனை கத்தற சத்தம் வர வச்சாரு, அந்த மந்திரத்துக்கு வாயால எதுவும் சொல்ல வேண்டியதே இல்ல, கை அசைவும் ஒரு துண்டு கம்பளி ரோமமும் போதும், அதனால சத்தம் போட்டு மாட்டிக்கற பேச்சுக்கே இடம் இல்ல. இத்தனை நாள் ஷீட்ல சும்மா கிடந்த ஒரு சின்ன வரி அன்னைக்கு நாலு பேரையும் காப்பாத்துச்சு. பாலடின் அந்த நேரம் மூச்சை பிடிச்சுக்கிட்டு சங்கிலி கவசத்தை ரெண்டு கையாலயும் அமுக்கி பிடிச்சு நிக்கறேன்னு சொன்னாரு, அதுக்கு டைஸும் இல்ல ரூலும் இல்ல, ஆனா மொத்த டேபிளும் அவர் கூட சேந்து மூச்சை பிடிச்சுது.

இதுல குறை இல்லாம இல்ல. பெரிய பார்ட்டிக்கு ஆறு துண்டு பத்தாது, ஆறு பேர் ஆடினா ஒரே உருட்டல்ல மூணு துண்டு போயிடும், அவங்களுக்கு எட்டா வரைஞ்சுக்கோங்க. நிரம்பினதை எப்ப குறைக்கறதுங்கறதும் குழப்பம்தான், சந்தேகம் வரைக்கும் வந்திருந்தா கொஞ்ச நேரம் அமைதியா இருந்தா ஒரு துண்டு அழிக்கலாம், தேடல் ஆரம்பிச்சுட்டா அழிக்கறது கிடையாதுன்னு நாங்க வச்சிருக்கோம்.

இனி தூக்கி போட வேண்டியவை. யார் எந்த பக்கம் பாக்கறாங்கன்னு மினியேச்சரை திருப்பி வைக்கிற ரூல், 2014 டிஎம் கைடுல விருப்ப ரூலாவே இருக்கு, ஸ்டெல்த்துக்கு உதவும்னு ரொம்ப பேர் எடுத்து போடறாங்க. போடாதீங்க. மூணு காவல்காரங்க இருந்தா ஒவ்வொரு டர்ன்லயும் யாரை எந்த பக்கம் திருப்பறதுன்னே நேரம் போகும், ப்ளேயர்ஸ் கதையை விட்டுட்டு கட்டத்தை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

பின்னாடி வந்து ஒரே குத்துல கொல்ற ரூல், இதை கேக்காத ரோக் ப்ளேயரே கிடையாது. கணக்கு பாருங்க, சாதாரண காவல்காரனுக்கு 11 ஹிட் பாயிண்ட் (உயிர்), அஞ்சாவது லெவல் ரோக் ஷார்ட் ஸ்வார்டும் ஸ்னீக் அட்டாக்கும் (ரோக்கோட கூடுதல் அடி) சேத்து சராசரியா 18 அடிக்கறாரு, அட்வான்டேஜோட (ரெண்டு தடவை உருட்டி பெரிய நம்பர்) அவனோட ஏசி 16ஐ (அடி படறதுக்கு எடுக்க வேண்டிய நம்பர்) தொடறதுக்கு 84 சதவீதம். ரூல் இல்லாமலே அவன் செத்துட்டான். ரூல் வேணும்னு தோண வைக்கறது 58 ஹிட் பாயிண்ட் வச்சிருக்கற வெட்டரன் மாதிரி ஆட்கள்தான், அவங்களையும் ஒரே குத்துல விழ வச்சா நாளைக்கு எதிரி பக்கத்து கொலையாளி தூங்கிட்டு இருக்கற விசார்டு கழுத்துல கத்தி வைக்கிறப்ப அதே ரூல்தானே நிக்கும்? நான் இதை கேட்ட உடனே எல்லா டேபிள்லயும் அந்த கோரிக்கை அடங்கிடும்.

பாஸ் விதவுட் ட்ரேஸ் மந்திரத்தை வெட்டற ஹவுஸ் ரூலும் நிறைய இடத்துல பாக்கறேன், 30 அடிக்குள்ள இருக்கற எல்லாருக்கும் ஸ்டெல்த்ல பிளஸ் 10ங்கறது அதிகம்னு 5 ஆக்கிடறாங்க. எனக்கு உடன்பாடு இல்ல. ரெண்டாவது லெவல் ஸ்லாட் (மந்திரம் போடற கோட்டா) செலவாகுது, கான்சென்ட்ரேஷனும் இதுக்கே போகுது, ட்ரூயிட் இல்ல ரேஞ்சர் மாதிரி ஒருத்தர் தன்னோட நல்ல மந்திரத்தை எல்லாம் விட்டுட்டு பார்ட்டிக்காக இதை பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, அதோட நம்ம பாலடின் 20 சதவீதத்துல இருந்து 90க்கு போறாரு. கவசம் போட்டவரும் கூட வர முடியுதுங்கறதுதான் இந்த மந்திரத்தோட பலனே, அதை பாதியா வெட்டினா திரும்ப அவர் வெளியதான் நிக்கணும்.

மார்க் போடணும்னா 2014க்கு 5ல 3, 2024க்கு சண்டைக்குள்ள 4, வெளிய 2. லேட்டா உருட்டறதையும் க்ரூப் செக்கையும் உஷார் வட்டத்தையும் சேத்து எந்த எடிஷன் மேல போட்டாலும் 4.5 குடுப்பேன். மீதி அரை மார்க் எதுக்கு குறையுதுன்னா ரோக் தனியா முன்னாடி வேவு பாக்க போறப்ப மத்த மூணு பேரும் சும்மா உக்காந்திருக்கறதை இந்த ரூல் எதுவும் சரி பண்ணல. அதுக்கு இப்ப ஒண்ணு பண்ணிட்டு இருக்கோம், உள்ள இருக்கற காவல்காரங்களை அந்த மூணு பேர் கையில குடுத்துடறேன், ஆளுக்கு ஒரு பேரு, ஒரு கவலை, சம்பளம் வரல, தூக்கம் வருது, தலைவன் மேல கோபம்னு ஒரு சீட்டு, அவங்க பேசிக்கறதை ரோக் ஒட்டு கேக்கறாரு, வட்டத்துல துண்டு நிரம்பினா என்ன பண்றாங்கன்னும் அவங்களே சொல்றாங்க. போன தடவை பாலடின் ப்ளேயர் தூக்கம் வர்ற காவல்காரனா உக்காந்து, ரோக் ஒளிஞ்சிருக்கற பீப்பாய் மேலயே சாஞ்சு கண்ணை மூடிட்டாரு, ரோக் வெளிய வர வழியில்லாம தவிச்சதை டேபிளே ரசிச்சுது. இன்னும் ரெண்டு மூணு கேம்பெய்ன் இதை ஓட்டி பாத்துட்டு நிலைக்குதான்னு எழுதறேன்.